ஜெனிஃபர் தன்னையே வெளியில் வைத்துப் பூட்டிய மாலை

1

இந்தக் கதை எனக்கு நடந்ததில்லை. மாலை வகுப்பில் என் பக்கத்து நாற்காலியில் உட்காரும் ஜெனிஃபருக்கு நடந்தது. நான் பார்த்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். வகுப்பில் அன்றன்று கற்றதை வீட்டுக்குப் போய் எழுதி வைப்பது என் வழக்கம்: எந்தக் கட்டளை, எதற்கு, எங்கே தப்பு வந்தது. பகலெல்லாம் உரக்கடையில் மூட்டைக் கணக்குப் பார்ப்பதால் எழுதாவிட்டால் காலைக்குள் எல்லாம் மறந்துவிடும். அன்றைக்கு எழுத உட்கார்ந்தபோது கட்டளைகள் சில வரிகளில் முடிந்துவிட்டன. மீதி இருந்ததை எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது என்று தெரியவில்லை. அதனால்தான் கதை.

ஜெனிஃபரிடம் கேட்டேன்.

"எழுதிக்கோ," என்றாள். "ஆனா எனுக்குப் படிச்சிக் காட்டணும்."

"காட்டறேன்."

"என்ன அழ வெச்சியானா கிழிச்சிப் போட்டுடுவேன்."

ஆகவே இதில் அவள் அழமாட்டாள். (நிஜத்திலும் அழவில்லை. முதல் வரைவில் அழுதாள். அந்தப் பக்கம் இப்போது இல்லை.)

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு. உத்திரமேரூர் பஜாரில் பொழுது சாய்கிறது. மாடி ஜன்னலில் ஒரு கணினியின் நீல வெளிச்சம்—"

நிறுத்திவிட்டேன். பஜாரிலிருந்து பார்த்தால் அந்த வெளிச்சம் தெரியாது. எங்கள் வகுப்பின் ஜன்னலை நான் வேலை செய்யும் கடையின் யூரியா விளம்பரத் தகரம் பாதிக்கு மேல் மறைத்திருக்கிறது. ஆண்டு மட்டும் சரி.

இரண்டாவது தொடக்கம்:

"எஸ்.எஸ்.ஹெச் என்பது—"

இது பாடப்புத்தகம். ஆனால் இதைச் சொல்லாமல் போனால் ஜெனிஃபர் எதை இழக்க இருந்தாள் என்பது உங்களுக்குப் புரியாது. அதனால் முடிந்தவரை சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கணினி தெரிந்தவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம்.

நீங்கள் உத்திரமேரூரில் உட்கார்ந்து அடிக்கிறீர்கள். சென்னையில் இருக்கும் ஒரு கணினி, தன் முன்னால் உட்கார்ந்து யாரோ அடித்ததைப் போலவே அதை ஏற்று வேலை செய்கிறது. நடுவே தொலைபேசிக் கம்பியில் போகிற எதையும் வேறு யாராலும் படிக்க முடியாது. ஆனால் பேச்சு தொடங்கும் முன் இரண்டு பக்கமும் தாம் யார் என்று நிரூபிக்க வேண்டும். நம் பக்கத்தை பாஸ்வேர்டால் நிரூபிக்கலாம். அதை யாரேனும் ஊகித்துவிடுவார்கள் என்ற பயம் இருந்தால் இன்னொரு வழி உண்டு. ஜோடியாக இரண்டு கோப்புகள். ஒன்றைச் சென்னைக் கணினியில் ஒரு ஃபோல்டருக்குள் வைத்துவிட வேண்டும். இன்னொன்று நம்மிடம் மட்டும் இருக்கும். இரண்டும் பொருந்தினால் உள்ளே விடும். அதற்குப் பிறகு பாஸ்வேர்டு வழியையே அடைத்துவிடலாம்.

இவ்வளவுதான். இதைத்தான் ஜெனிஃபர் செய்யப் போனாள்.

3

ஏன் செய்யப் போனாள் என்பதில் தடுமாறினேன். என் வரைவு இப்படி இருந்தது:

"ஜெனிஃபரின் அப்பா ஐசக் கொத்தனார். சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து படுத்த படுக்கையாகிவிட்டார். அவரைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் சென்னை வேலையை விட்டுத் திருப்புலிவனத்துக்கே திரும்பி—"

உரக்கடை வாசலில் நின்று இதைப் படித்தவள் தாளை என் முகத்துக்கு நேரே ஆட்டினாள்.

"எங்கப்பா எப்போ வுளுந்தாரு?"

"இல்ல, கதைக்கு ஒரு காரணம் வேணுமில்ல."

"இப்பதான் சைக்கிள் மிதிச்சிக்கினு ஒங்க மானாம்பதிக்கு வேலைக்குப் போனாரு. நீ பாட்டுக்கு இடுப்ப ஒடைச்சிப் படுக்க வெச்சிக்கிற. அவுருக்குத் தெரிஞ்சா மொதல்ல ஒன் இடுப்பு போயிடும்."

"அப்ப இன்னா எழுதறது?"

"மெட்ராஸ்ல வூடு தேடனத எழுது."

அவள் சொன்னதைச் சொன்னபடி எழுதுகிறேன். வாடகைக்கு அறை இருக்கிறது என்று பலகை தொங்கும் வீடு. வீட்டுக்கார அம்மா சிரித்தபடி உள்ளே கூப்பிடுவார். கம்ப்யூட்டர் கம்பெனி வேலை என்றதும் இன்னும் சிரிப்பார். எந்த ஊர்? உத்திரமேரூர். அடடே, உத்திரமேரூரா. உத்திரமேரூரில் எங்கே? பக்கத்தில், திருப்புலிவனம். திருப்புலிவனத்தில் எந்தத் தெரு? அதற்கு இவள் பதில் சொன்ன பிறகு, அறைக்கு நேற்றே யாரோ முன்பணம் கொடுத்துவிட்டது அந்த அம்மாவுக்கு ஞாபகம் வரும்.

"எல்லா வூட்லயும் நேத்தே யாரோ குடுத்துட்டுப் போயிருப்பான். யாருடா அவன், எனுக்கு முன்னாடியே எல்லா வூட்டுக்கும் போறவன்னு பாத்துக்கினே இருந்தேன்," என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். "எனுக்கு என் வூட்ல இருந்துக்கினு வேல செய்யணும். இது ஒரு காரணமா இல்லியா ஒன் கதைக்கு?"

காரணம்தான். இது ஏன் எனக்குத் தோன்றவில்லை என்று யோசித்தேன். என்னிடமும் எந்தத் தெரு என்று கேட்பார்கள். பதில் சொன்னதும் உட்காரச் சொல்வார்கள். கேள்வி அத்தோடு எனக்கு முடிந்துவிடும்.

ஆகவே: ஜெனிஃபர் வேலை செய்த நிறுவனம் சிறு கடைகளின் இணையதளங்களைத் தன் சர்வரில் (மேலே சொன்ன சென்னைக் கணினி அதுதான்) வைத்துப் பராமரிக்கிறது. தினமும் மாலையில் சர்வருக்குள் போய் அன்றைய கோப்புகளை நகலெடுத்து, பழையதைக் கழித்து, எல்லாம் ஓடுகிறதா என்று பார்ப்பது அவள் வேலை. ஊரிலிருந்தே செய்கிறேன் என்று மேனேஜர் முனிரத்தினத்திடம் கேட்டாள். அவர் யோசித்து, சோதனைக்காகச் சம்மதித்தார். நிபந்தனை இரண்டு. பாஸ்வேர்டு போட்டு யாரும் நுழைய முடியாதபடி சர்வரை அவளே மாற்றியமைக்க வேண்டும். ஒரே ஒரு முறை தகராறு வந்தாலும் சென்னைக்கு வந்துவிட வேண்டும், இல்லையென்றால் வேலையை விட்டுவிட வேண்டும்.

4

வகுப்பு நடத்தும் பஞ்சாட்சரம் சார் தன்னுடைய லினக்ஸ் கணினியையும் தொலைபேசி இணைப்பையும் மாலையில் பயன்படுத்திக்கொள்ள அவளை அனுமதித்தார். முதல் நாள் அவள் சென்னைக் கணினியைக் கூப்பிட்டபோது நாங்கள் எல்லோரும் பின்னால் நின்றோம்.

திரையில் ஒரு கேள்வி வந்தது. எதிர்முனையில் இருக்கும் இந்தக் கணினியை எனக்கு முன்பின் தெரியாது, அதன் கைரேகை இது, தொடரட்டுமா என்று. கைரேகை என்பது ஒரு நீண்ட எழுத்து வரிசை. இரண்டிரண்டாக எண்ணும் எழுத்தும் கலந்து, நடுநடுவே முக்காற்புள்ளி.

"யெஸ்னு அடிம்மா," என்றார் சார்.

"இரு சார்."

"இன்னா இரு? லைன் ஓடிக்கினு கீது."

"அது அந்த மெஷினுதானான்னு பாக்கணும் சார்."

"நீதான ஃபோன் போட்ட? வேற எவன் எடுப்பான்?"

அவள் பையிலிருந்து ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்தாள். சென்னையில் இருந்தபோது அந்தக் கணினியின் முன்னாலேயே உட்கார்ந்து குறித்துக்கொண்டு வந்த கைரேகை. திரையில் இருப்பதை என்னைப் படிக்கச் சொன்னாள். நான் ஒவ்வொரு ஜோடியாகப் படிக்க, அவள் காகிதத்தில் விரலை நகர்த்திக்கொண்டே போனாள்.

"இன்னாக்கா, ஜாதகப் பொருத்தம் பாக்கறியா?" என்றான் எங்களோடு படிக்கும் மணிகண்டன்.

"ஆமாண்டா. ஒரு கட்டம் ஒதச்சாலும் பொண்ணு குடுக்க மாட்டேன்."

ஒரு கட்டமும் உதைக்கவில்லை. அதன் பிறகே 'யெஸ்' அடித்தாள்.

(நான் அதுவரை அந்தக் கேள்வியைப் படித்ததே இல்லை. அது வந்ததும் விரல் தானாக 'யெஸ்' அடித்துவிடும். இந்த இடத்தில் நம்பிக்கை பற்றி ஒரு பெரிய பத்தி எழுதினேன். எடுத்துவிட்டேன்.)

இவ்வளவு கவனமானவள் அடுத்து வரும் தப்பைச் செய்வாளா என்று நீங்கள் சந்தேகப்படலாம். நானும் சந்தேகப்பட்டேன். ஒரு வரைவில் அந்தத் தப்பை மணிகண்டன் செய்வதாக மாற்றிக்கூடப் பார்த்தேன். கதை சுலபமாகிவிட்டது. அதனாலேயே பிடிக்கவில்லை.

5

தப்பு எங்கள் வகுப்பின் பழக்கத்திலிருந்து வந்தது.

வகுப்பில் லினக்ஸ் கணினி ஒன்றுதான். ஒருவர் பாதியில் விட்ட பயிற்சியை மறுநாள் இன்னொருவர் தொடர்வார். அதனால் யார் ஃபோல்டர் உருவாக்கினாலும் உடனே அதை எல்லோருக்கும் திறந்துவிட வேண்டும் என்பது சார் போட்ட விதி. யாரும் திறக்கலாம், யாரும் எழுதலாம். அதற்கான கட்டளையில் வரும் எண் ஏழு, ஏழு, ஏழு. "படிப்புல ஒளிச்சி வெக்கறதுக்கு இன்னா கீது?" என்பார் சார். நல்ல விதிதான். நான் கற்றதில் பாதி, மற்றவர்கள் விட்டுப்போன ஃபோல்டர்களிலிருந்து கற்றது. எங்கள் விரல்களுக்கு ஃபோல்டர் உருவாக்குவதும் ஏழு ஏழு ஏழு போடுவதும் ஒரே வேலையாகிவிட்டன.

இன்னொரு பழக்கம், லைனை வைத்திருக்கக் கூடாது. அடிக்க வேண்டியதை முதலில் தாளில் எழுதிக்கொண்டு, இணைத்து, மளமளவென்று அடித்து, துண்டித்துவிட வேண்டும். டெலிபோன் பில் சாரின் கவலை.

தப்பு நடந்த மாலை ஜெனிஃபர் தாளில் எழுதி வைத்திருந்ததை வரிசையாக அடித்தாள். பாஸ்வேர்டு போட்டு உள்ளே போனாள். சென்னைக் கணினியில் தன் பெயரிலுள்ள இடத்தில் ஃபோல்டரை உருவாக்கினாள். விரல்கள் தாமாக ஏழு ஏழு ஏழு போட்டன. (தாளில் அந்த வரி இல்லை. பிறகு பார்த்தேன்.) ஜோடிக் கோப்பில் ஒன்றை அதற்குள் வைத்தாள். பாஸ்வேர்டு வழியை அடைத்தாள். மாற்றம் அமலுக்கு வருமாறு சேவையைத் திரும்பத் தொடங்கினாள்.

"முடிஞ்சிதா?" என்றார் சார்.

"முடிஞ்சிது சார்," என்று லைனைத் துண்டித்தாள்.

புதிய வழியில் நுழைய முடிகிறதா என்று பார்க்கும்வரை பழைய இணைப்பை விடக் கூடாது என்று புத்தகங்கள் சொல்கின்றன. புத்தகம் எழுதியவர்களுக்குப் பஞ்சாட்சரம் சாரின் டெலிபோன் பில் தெரியாது.

டீ வந்தது. குடித்துவிட்டு, "ஒரு வாட்டி உள்ள போய்ப் பாத்துடறேன் சார்," என்று மறுபடி இணைத்தாள்.

அனுமதி மறுக்கப்பட்டது.

மறுபடி அடித்தாள். அனுமதி மறுக்கப்பட்டது. பாஸ்வேர்டு கேட்கும் என்று காத்திருந்தோம். கேட்கவில்லை. அந்த வழியை அவளே அடைத்துவிட்டாள்.

"எப்படியாவது ஒரு வாட்டி—" என்றான் மணிகண்டன்.

"எப்படியும் முடியாது. முடியாத மாதிரிதான் செஞ்சேன்."

இனி யாராவது சென்னையில் அந்தக் கணினியின் முன்னால் நேரில் உட்கார்ந்து சரிசெய்ய வேண்டும். அன்றைய நகல் எடுக்கப்படவில்லை. காலையில் முனிரத்தினம் பார்ப்பார். ஒரே ஒரு முறை தகராறு வந்தாலும் என்று அவர் சொல்லியிருந்தார்.

ஜெனிஃபர் எங்கள் லினக்ஸ் கணினியிலேயே அதே வேலையை முதலிலிருந்து செய்தாள். அதே ஃபோல்டர், அதே கோப்பு, அதே மாற்றம். அந்தக் கணினியிலிருந்து அந்தக் கணினிக்கே நுழைந்து பார்த்தாள். அனுமதி மறுக்கப்பட்டது. இப்போது அவள் முகம் தெளிந்தது. தூரத்துக் கணினி வாசலில் நிற்பவரிடம் காரணத்தைச் சொல்லாது. தன் குறிப்பில் மட்டும் எழுதிக்கொள்ளும். எங்கள் கணினியின் குறிப்பை எங்களால் பார்க்க முடியும். பார்த்தாள். ஃபோல்டர் பிறர் எழுதும்படி திறந்திருப்பதால் அதிலுள்ள கோப்பை ஏற்க முடியாது என்று இருந்தது.

"யார் வேணா வந்து எழுதிட்டுப் போற எடத்துல வெச்ச அடையாளத்த நான் எப்படி நம்பறதுன்னு கேக்குது சார்."

"நான்தானம்மா தொறந்து வெக்கச் சொன்னேன்," என்றார் சார்.

"கிளாஸுக்கு அது சரிதான் சார். அங்க போய் ஏன் வெச்சேன்னுதான் எனுக்குத் தெரில."

6

இங்கிருந்து எனக்கு மூன்று முடிவுகள் கிடைத்தன. மூன்றையும் எழுதி அவளிடம் கொடுத்தேன்.

அ) ஜெனிஃபர் விடிவதற்கு முன் முதல் பஸ் பிடித்து, மேனேஜர் வருமுன் அலுவலகத்தில் நுழைந்து, சரிசெய்துவிட்டு, யாருக்கும் தெரியாமல் திரும்புகிறாள்.

"ஏன், நான் இன்னா திருடியா?"

ஆ) சென்னை அலுவலகத்தில் மாலை நேர வேலையில் இருக்கும் தோழி அபிநயாவைத் தொலைபேசியில் கூப்பிட்டு, சர்வரின் தலைமை பாஸ்வேர்டைச் சொல்லி, ரகசியமாகச் சரிசெய்ய வைக்கிறாள்.

"கீழ சொக்கம்மா ஃபோன் பூத்துல நின்னுக்கினு ரூட் பாஸ்வேர்ட கத்துவேனா? பஜாரே கேக்கும். ஒனுக்குப் பைத்தியமா?"

இ) முனிரத்தினத்திடம் உண்மையைச் சொல்கிறாள். அவர் ஒரு கணம் மௌனமாகி, "பரவாயில்லம்மா, தப்பு யாருக்கும் வரும்," என்கிறார்.

எனக்குப் பிடித்தது இதுதான். இதைப் படித்துத்தான் அவள் அதிகம் சிரித்தாள்.

"யாருப்பா இந்த ஆளு? எனுக்குக் கொஞ்சம் அறிமுகம் பண்ணி வெய்யேன்."

பிறகு மூன்று தாள்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி என்னிடம் நீட்டினாள்.

"ஒண்ணுல பஸ்ஸு காப்பாத்துது. ஒண்ணுல அபிநயா காப்பாத்தறா. ஒண்ணுல மேனேஜரு. நான் இன்னா பண்ணிக்கினு கீறேன் இதுல?"

"அப்ப நடந்ததையே எழுதறேன்," என்றேன்.

"அத்தத்தான் மொதல்லயே எழுதியிருக்கணும்."

7

நடந்தது.

எங்கள் வகுப்பின் கீழே, உரக்கடைக்குப் பக்கத்தில், சொக்கம்மாள் அக்காவின் எஸ்.டி.டி. பூத். ஜெனிஃபர் படியிறங்கிப் போனாள். நான் பின்னால் போனேன். சாரும் செருப்பை மாட்டிக்கொண்டு வந்தார். பூத்தின் கண்ணாடிக் கதவு வெகுநாளாகச் சாத்துவதில்லை. அதனால் அவள் பேசியது எல்லோருக்கும் கேட்டது. முனிரத்தினம் அப்போதும் அலுவலகத்தில்தான் இருந்தார்.

"சார், நான் ஜெனிஃபர் பேசறேன். சர்வர்ல நான் வெளிய மாட்டிக்கிட்டேன்."

மேனேஜரிடம் பேசும்போது அவளுடைய 'கீது' 'இருக்கு' ஆகிவிடும். நான் உரக்கம்பெனிக்காரரிடம் பேசும்போதும் அப்படித்தான்.

அவர் ஏதோ சொன்னார். நெடுநேரம் சொன்னார். அவள் ரிசீவரைக் காதிலிருந்து சற்றே தள்ளிப் பிடித்தாள். அவர் முடித்ததும், மன்னிப்புக் கேட்கப் போகிறாள் என்று நினைத்தேன். (இ முடிவில் கேட்டாள்.)

"சார், தப்பு எங்க இருக்குன்னு கண்டுபுடிச்சிட்டேன். இங்க ஒரு மெஷின்ல செஞ்சி பாத்துட்டுத்தான் பேசறேன். நீங்க சர்வர் ரூமுக்குப் போய் அதுக்கு முன்னாடி உக்காருங்க. பாஸ்வேர்ட நீங்களே போட்டுக்குங்க, எங்கிட்ட சொல்லவேணாம். நான் சொல்றத மட்டும் அடிங்க."

அங்கே நாற்காலி இழுபடும் சத்தம் எனக்கே கேட்டதுபோல் இருந்தது. (கேட்டிருக்க முடியாது. ஆனாலும் விட்டுவைக்கிறேன்.)

"சி. ஹெச். எம். ஓ. டி. அப்புறம் ஒரு எடம் விடுங்க. ஏழு. சைபர். சைபர்." (உரியவருக்கு மட்டும் திறந்து, மற்ற எல்லோருக்கும் மூடும் எண் இது.)

"இன்னாடி இது?" என்றாள் சொக்கம்மாள் அக்கா. "லாட்டரியத்தான் தட பண்ட்டாங்களே. இன்னும் நம்பர் சொல்லிக்கினு கீற?"

"யக்கா, கொஞ்சம் சும்மா இரு," என்றார் சார்.

"நீ இரு வாத்தியாரே. நம்பர் உழுந்தா எனுக்கும் சொல்லு."

ஜெனிஃபர் மற்றொரு காதைக் கையால் பொத்திக்கொண்டாள். "மறுபடி ஒரு எடம். இப்ப சாஞ்ச கோடு. ஹோம். திரும்ப சாஞ்ச கோடு. என் பேரு, எல்லாம் சின்ன எழுத்து. சாஞ்ச கோடு. ஒரு புள்ளி. எஸ், எஸ், ஹெச். இல்ல சார், புள்ளிக்கு அப்புறம் எடம் விடக் கூடாது. அத அழிங்க. ம். இப்ப எனக்கு மொத்தமாப் படிச்சிக் காட்டுங்க."

அவர் படித்துக் காட்டினார் போலும். அவள் கண்ணை மூடிக் கேட்டாள்.

"சரி. என்டர் தட்டுங்க. ஒண்ணும் சொல்லலையா? ஒண்ணும் சொல்லலைன்னா சரிதான். வெச்சிடறேன் சார். உள்ள போய்ப் பாத்துட்டுத் திரும்பக் கூப்பிடறேன். நீங்க அங்கயே இருங்க."

அங்கயே இருங்க என்று அவள் சொன்னதும் சார் என்னைப் பார்த்தார்.

மாடிக்குப் போனோம். இணைத்தாள். தன்னிடம் இருக்கும் ஜோடிக் கோப்பைத் திறக்கும் ரகசியத் தொடரை அடித்தாள். சர்வர் எதுவும் கேட்காமல் அவளை உள்ளே விட்டது. அன்றைய நகலை எடுக்கும் வேலையைத் தொடங்கிவிட்டாள். அது ஓடி முடியும்வரை லைனைத் துண்டிக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

8

இரண்டாவது முறை பூத்துக்குப் போனபோது அங்கே கூட்டம் சேர்ந்திருந்தது. அவளுக்கு வழிவிட்டார்கள்.

"உள்ள போயிட்டேன் சார். நகல் எடுத்தாச்சி."

அப்போது முனிரத்தினம் சொன்னதை அவள் எனக்குப் பிறகு அப்படியே சொல்லிக் காட்டினாள், அவர் குரலிலேயே: "சரியாயிடுச்சி, சந்தோஷம். ஆனா நான் என்ன சொன்னேன்? ஒரு தடவைன்னுதானே சொன்னேன்? இப்ப நீயே சொல்லு. திங்கட்கிழமை இங்க வர்றியா, வேலைய விடறியா?"

அதற்கு ஜெனிஃபர் சொன்ன பதில் எனக்குத் தெரியும். கைக்கெட்டும் தூரத்தில்தான் நின்றிருந்தேன். அதை எழுதினேன். அதற்கு அவர் சொன்னதையும் எழுதினேன். நான் எழுதியதிலேயே நன்றாக வந்தது அந்தப் பகுதிதான் என்று நினைக்கிறேன். அவள் படித்துவிட்டு அந்தத் தாளை மட்டும் மடித்துத் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

"ஏன், நல்லாதான கீது?"

"நல்லாத்தான் கீது. ஆனா இத்தப் படிச்சா, 'ஆங், கெட்டிக்காரப் பொண்ணு'ன்னு சொல்லிட்டு மூடி வெச்சிடுவாங்க. இல்லன்னா 'ஐயோ பாவம்'னு சொல்லிட்டு மூடி வெச்சிடுவாங்க. ரெண்டும் வேணாம். அவரு கேட்டது எனுக்கு மட்டும் கேட்டுது இல்ல, அன்னிக்கி? படிக்கறவங்களையும் கேக்கட்டும். அவங்க இன்னா சொல்லுவாங்கன்னு அவங்க பாத்துக்கட்டும்."

"கதைன்னா ஒரு முடிவு வேணுமே."

"ஒனுக்கு வேணும்."

எனவே என்னிடம் இருப்பது இவ்வளவுதான். நகல் முழுதாக எடுக்கப்பட்டிருக்கிறது. வெளியிலிருந்து அந்தக் கணினிக்குள் நுழைய இப்போது ஒரே வழிதான் இருக்கிறது, அது அவளிடம் இருக்கிறது. அந்தப் பக்கம் ஒருவர் சர்வர் முன்னால் உட்கார்ந்து பதிலுக்குக் காத்திருக்கிறார். வருவது, விடுவது என்று இரண்டைத்தான் அவர் சொல்லியிருக்கிறார். இந்தப் பக்கம் பூத்தைச் சுற்றிக் கூட்டம் நிற்கிறது. சொக்கம்மாள் அக்கா மீட்டரை விட்டுவிட்டு அவளைப் பார்க்கிறாள்.

ஜெனிஃபர் ரிசீவரை வலது காதிலிருந்து இடது காதுக்கு மாற்றினாள்.

"சார்," என்றாள்.